மறுபிறவியைக் காக்க வந்த சட்டங்கள்

2013 அக்டோபரில் திபெத்தில் சுற்றுலாப் பயணிகள் சென்ற பேருந்து ஒன்று விபத்தில் சிக்கியது. மூன்று அமெரிக்கர்கள் இறந்துபோனார்கள். கலிபோர்னியாவின் வால்நட் நகரைச் சேர்ந்த எட்டுப் பேர் காயமடைந்தார்கள். வெளிநாட்டில் இப்படி ஒன்று நடந்தால் அந்தந்த நாட்டுத் தூதரகத்தார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். உறவினர்களுக்குத் தகவல் சொல்வார்கள். உடலை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்கள். இங்கே அது நடக்கவில்லை. 48 மணி நேரத்துக்கு மேல் அமெரிக்கத் தூதரக அதிகாரிகளைச் சீன அரசு உள்ளே விடவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த விபத்து ஒரு சட்டத்தின் வாசகத்தில் இடம்பிடித்தது. 2018 டிசம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட அந்தச் சட்டம், திபெத்துக்குச் செல்லும் அனுமதியில் இரு நாடுகளுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்கிறது. சீனாவின் அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் பயணிகளும் அமெரிக்காவில் ஏறக்குறைய எங்கும் போகலாம். அமெரிக்கர் ஒருவர் திபெத்துக்குப் போக வேண்டுமானால் சீன விசா மட்டும் போதாது. தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அரசு அங்கீகரித்த வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். பத்திரிகையாளர் என்றால் அரசு அழைத்துப் போகும் சுற்றுலாவில்தான் போக முடியும். மார்ச் மாதத்தையொட்டி வெளிநாட்டவருக்குக் கதவையே சாத்திவிடுவது வழக்கம். ஆகவே, வெளியாரைத் திபெத்துக்குள் விடாமல் தடுக்கும் சீன அதிகாரிகளுக்கு அமெரிக்க விசா கிடையாது என்றது சட்டம். யார் யாரைத் தடுத்தார்கள் என்று வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் காங்கிரஸுக்கு அறிக்கை தர வேண்டும் என்றும் விதித்தது.

அந்த மசோதாவை செனட்டில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மார்கோ ரூபியோ. 2025 மார்ச் 31 அன்று, வெளியுறவு அமைச்சராகிவிட்ட அதே ரூபியோ, அதே சட்டத்தின்கீழ் சீன அதிகாரிகள் சிலருக்கு விசா தடையை அறிவித்தார்.

பயண அனுமதிக்கும் மனித உரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. யாரும் பார்க்க முடியாத இடத்தில் என்ன நடந்தாலும் அது வதந்தியாகவே நின்றுவிடும். பார்த்துச் சொல்ல ஒருவர் உள்ளே போனால்தான் அது சாட்சியமாகும். மார்ச் மாதத்தில் கதவு சாத்தப்படுவதற்கும் இதுவே காரணம். 1959 மார்ச் 10 அன்று லாசாவில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஒரு வாரம் கழித்து, 23 வயது தலாய் லாமா படைவீரன் போல வேடமிட்டு நோர்புலிங்கா அரண்மனையிலிருந்து இரவில் வெளியேறினார். மார்ச் 31 அன்று தவாங் பகுதி வழியாக இந்திய எல்லைக்குள் வந்தார். அந்த நினைவு நாள் வரும்போதெல்லாம் பெய்ஜிங்குக்கு இன்றும் பதற்றம்.

அமெரிக்காவும் மற்ற சில நாடுகளும் இயற்றிய சட்டங்களையும் தீர்மானங்களையும் படித்தால், பல இழைகள் வந்து சேரும் முடிச்சு ஒன்று புலப்படும்: அடுத்த தலாய் லாமாவை யார் தேர்ந்தெடுப்பது? மேலோட்டமாகப் பார்த்தால் மதச் சடங்கு பற்றிய கேள்வி போலத் தெரியும். அதன் பதிலில்தான் ஏறத்தாழ 70 லட்சம் திபெத்தியரின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

திபெத்திய பௌத்தத்தில் பெரிய லாமாக்கள் மற்றவர்களின் நன்மைக்காகத் தாங்களே விரும்பி மீண்டும் பிறக்கிறார்கள் என்பது நம்பிக்கை. 13ஆம் தலாய் லாமா 1933 இறுதியில் மறைந்தார். அவர் மீண்டும் எங்கே பிறந்திருக்கிறார் என்று தேடிப் புறப்பட்ட குழு, அறிகுறிகளைத் தொடர்ந்து வடகிழக்கே ஆம்தோ பகுதியில் தக்ட்ஸெர் என்ற சிற்றூருக்கு வந்தது. அங்கே ஒரு விவசாயி வீட்டில் இரண்டு வயதைத் தாண்டிய பையன் ஒருவன் இருந்தான். மறைந்த லாமாவின் ஜெபமாலை, கைத்தடி, சிறு மத்தளம் ஆகியவற்றோடு அதே போன்ற வேறு பொருட்களையும் கலந்து அவன் முன்னால் வைத்தார்கள். பையன் ‘இது என்னுடையது’ என்று சொல்லிச் சொல்லிச் சரியானவற்றையே எடுத்தான் என்கிறது அவரது வரலாறு. 1940 பிப்ரவரியில் அவர் லாசாவில் அரியணை ஏறினார். மடாலயமும் மக்களும் ஏற்றுக்கொண்டதே அந்தத் தேர்வுக்கு வலிமை தந்தது.

இன்றைய சீன விதிகளின்படி அப்படியொரு தேடலே சட்டவிரோதம். சீன அரசின் மத விவகாரத் துறை 2007இல் பிறப்பித்த 5ஆம் எண் ஆணை, அரசின் ஒப்புதல் இல்லாமல் எந்த மறுபிறவியும் செல்லாது என்கிறது. வெளிநாட்டு அமைப்போ தனிநபரோ இதில் தலையிடக் கூடாது என்றும் சொல்கிறது. கடவுள் இல்லை என்ற கொள்கையில் நிற்கும் ஒரு கட்சி, யார் மறுபடி பிறந்தார் என்று சான்றிதழ் வழங்கும் உரிமையைக் கேட்கிறது. அதற்குத் துணையாக, சிங் பேரரசர் சியென்லுங் 1793இல் புகுத்திய தங்கக் குடுவைச் சீட்டு முறையைக் காட்டுகிறது. இப்போதைய தலாய் லாமா அந்தக் குடுவையிலிருந்து எடுக்கப்பட்டவர் அல்ல என்பதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

மறுபிறவியை அரசே தீர்மானித்துவிடும் என்பது வெறும் அச்சமல்ல, ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்டது. திபெத்தில் தலாய் லாமாவுக்கு அடுத்த பெரும் பீடம் பஞ்சன் லாமா. ஒருவரின் மறுபிறவியை மற்றவர் உறுதிப்படுத்துவதில் இந்த இருவருக்கும் நூற்றாண்டுகளாகப் பங்கு உண்டு. 1995 மே 14 அன்று கேதுன் சோக்கி நீமா என்ற ஆறு வயதுச் சிறுவனைப் பஞ்சன் லாமாவாகத் தலாய் லாமா அறிவித்தார். மூன்றே நாளில் சிறுவனையும் பெற்றோரையும் சீன அதிகாரிகள் கொண்டுபோனார்கள். தேடுதல் குழுவுக்குத் தலைமை தாங்கிய தாஷி லுன்போ மடாலயத்தின் சத்ரல் ரின்போச்சே சிறையில் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் லாசாவின் ஜோகாங் கோயிலில் தங்கக் குடுவையைக் கொண்டுவந்து வைத்து, வேறொரு சிறுவனின் பெயர்ச் சீட்டை எடுத்து, அவனையே பஞ்சன் லாமா என்றார்கள். கொண்டுபோகப்பட்ட சிறுவனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. அவர் கல்லூரி முடித்து வேலையில் இருக்கிறார், தன்னைத் தொந்தரவு செய்வதை விரும்பவில்லை என்று 2020இல் சீன வெளியுறவுத் துறைப் பேச்சாளர் சொன்னார். சுதந்திரமாக யாரும் இதுவரை அவரைச் சந்தித்ததில்லை.

ஒரு குழந்தையை முப்பது ஆண்டுகளாகக் காட்ட மறுக்கும் அரசு, ‘மத சுதந்திரம் எங்கள் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது’ என்று சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

இதற்கான பதிலாக வந்ததுதான் 2020 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம். தலாய் லாமா உட்பட எந்த லாமாவின் வாரிசையும் திபெத்திய பௌத்த சமூகமே தீர்மானிக்கும் என்பதை அது அமெரிக்காவின் அதிகாரபூர்வக் கொள்கையாக்கியது. அதில் தலையிடும் சீன அதிகாரிகளின் சொத்துகளை முடக்கலாம், விசா மறுக்கலாம் என்று வழி செய்தது. லாசாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கச் சீனா சம்மதிக்கும் வரை அமெரிக்காவில் புதிதாகச் சீனத் துணைத் தூதரகம் எதுவும் கூடாது என்றும் சொன்னது. பணமும் ஒதுக்கச் சொன்னது: திபெத்துக்குள் பண்பாடு, கல்வி, சுற்றுச்சூழல் பணிகளுக்கு ஆண்டுக்கு 80 லட்சம் டாலர், இந்தியாவிலும் நேபாளத்திலும் வாழும் திபெத்தியருக்கு 60 லட்சம், நாடுகடந்த திபெத்திய நிர்வாகத்தின் ஆட்சித்திறனை வளர்க்க 30 லட்சம்.

இதற்கெல்லாம் அடித்தளம் 2002இல் வந்த ஒரு சட்டத்தில் போடப்பட்டது. வெளியுறவுத் துறையில் திபெத் விவகாரங்களுக்கென்று ஒரு சிறப்பு ஒருங்கிணைப்பாளர் 1997 முதலே இருந்தார். அந்தப் பதவி இருக்கிறதா இல்லையா என்பது ஒவ்வொரு அதிபரின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. 2002 சட்டம் அதை நிரந்தரமாக்கியது. அலுவலகத்தில் ஒரு நாற்காலியைச் சட்டத்தால் ஆணியடித்து வைப்பது சின்ன வேலையாகத் தோன்றலாம். ஆட்சி மாறினாலும் அந்த நாற்காலியை அப்புறப்படுத்த முடியாது. ஒருவரை அதில் உட்காரவைக்க அதிபர் தாமதித்தால், ஏன் இன்னும் நியமிக்கவில்லை என்று காங்கிரஸ் கேட்கலாம்.

2024 ஜூலை 12 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டது இன்னொரு சட்டம். பிரதிநிதிகள் சபை அதை 391க்கு 26 என்ற வாக்குகளில் நிறைவேற்றியிருந்தது. அமெரிக்காவில் இரு கட்சிகளும் எதிரும் புதிருமாக நிற்கும் காலத்தில் இப்படி ஒரு வாக்கு விழுவது அபூர்வம். ஜனநாயகக் கட்சியின் ஜிம் மெக்கவர்னும் குடியரசுக் கட்சியின் மைக்கேல் மெக்காலும் அங்கே சேர்ந்து நின்றார்கள். திபெத் பழங்காலம் தொட்டே சீனாவின் பகுதி என்ற பெய்ஜிங்கின் கூற்றை மறுத்துப் பேச வேண்டும் என்று இந்தச் சட்டம் அமெரிக்க அதிகாரிகளுக்குச் சொல்கிறது. தலாய் லாமாவின் பிரதிநிதிகளோடு முன்நிபந்தனை இல்லாமல் சீனா பேச வேண்டும் என்கிறது. 2002இல் தொடங்கிய அந்தப் பேச்சுவார்த்தை ஒன்பது சுற்றுகள் நடந்து 2010 ஜனவரியோடு நின்றுபோனது.

இந்தச் சட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பகுதி உண்டு. வரைபடத்தில் ‘திபெத் தன்னாட்சிப் பகுதி’ என்று சீனா போட்டிருப்பது பழைய திபெத்தில் பாதிதான். திபெத்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு வெளியே சிங்ஹாய், சிச்சுவான், கான்சு, யுன்னான் மாகாணங்களில் வாழ்கிறார்கள். தலாய் லாமா பிறந்த தக்ட்ஸெர் இன்று சிங்ஹாய் மாகாணத்தில் இருக்கிறது. 2009 முதல் 150க்கும் மேற்பட்ட திபெத்தியர் தீக்குளித்தார்கள். அவர்களில் பலர் சிச்சுவானில் உள்ள கீர்த்தி மடாலயத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். 2016இல் ஆயிரக்கணக்கான பிக்குகளும் பிக்குணிகளும் வெளியேற்றப்பட்டு, அவர்களின் மரக்குடில்கள் இடிக்கப்பட்ட லாருங் கார் கல்விமடமும் சிச்சுவானில்தான். அங்கேயே, டிராகோ என்ற ஊரில் 99 அடி புத்தர் சிலை 2021 டிசம்பரில் உடைக்கப்பட்டது. ‘திபெத்’ என்று சொல்லும்போது இந்த ஊர்களும் அதில் அடங்கும் என்று 2024 சட்டம் எழுதிவைத்தது. தன்னாட்சிப் பகுதியை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கொடுமைகளில் பல கணக்கிலேயே வராமல் போயிருக்கும்.

ஆனால் கையெழுத்திட்ட அன்றே பைடன் ஒரு குறிப்பையும் வெளியிட்டார். திபெத் தன்னாட்சிப் பகுதியும் பிற திபெத்தியப் பகுதிகளும் சீன மக்கள் குடியரசைச் சேர்ந்தவை என்ற அமெரிக்காவின் நீண்டகால நிலைப்பாட்டை இந்தச் சட்டம் மாற்றவில்லை என்பதே அதன் சாரம். இதே காங்கிரஸ் 1991இல், திபெத் ஆக்கிரமிக்கப்பட்ட நாடு என்று தன் கருத்தைப் பதிவு செய்தது. மக்கள் பிரதிநிதிகள் ஒன்று சொல்ல, நிர்வாகம் வேறொன்று சொல்வது இந்த விஷயத்தில் முப்பது ஆண்டுக் கதை. திபெத்துக்காகப் பேசுவோர் இதை மறைக்க வேண்டியதில்லை. சட்டமன்றங்களின் ஆதரவு எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சட்டம் எழுதுவது பாதி வேலை. அமல்படுத்தும் கை வேண்டும். 2022 டிசம்பரில், திபெத் தன்னாட்சிப் பகுதியின் கட்சிச் செயலாளராக இருந்த வூ யிங்ஜியே மீதும், காவல்துறைத் தலைவர் ஒருவர் மீதும் மனித உரிமை மீறலுக்காக அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு, உறைவிடப் பள்ளிகள் தொடர்பாக விசா தடை வந்தது. சுமார் பத்து லட்சம் திபெத்தியக் குழந்தைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, சீன மொழியே ஆட்சி செய்யும் உறைவிடப் பள்ளிகளில் படிக்கவைக்கப்படுகிறார்கள் என்று 2023 பிப்ரவரியில் ஐ.நா. சிறப்பு வல்லுநர்கள் எச்சரித்திருந்தார்கள்.

தாய்மொழி விஷயத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. தாஷி வாங்சுக் சிங்ஹாய் மாகாணத்தில் சிறு கடை நடத்தியவர். பள்ளியில் திபெத்திய மொழி கற்றுத்தர வேண்டும் என்று சீன நீதிமன்றத்திலேயே வழக்குப் போட பெய்ஜிங்குக்குப் போனார். சீன அரசியல் சாசனம் சிறுபான்மையினர் மொழிக்குத் தரும் உரிமையைத்தான் கேட்டார். அவர் முயற்சியை நியூயார்க் டைம்ஸ் 2015இல் காணொளியாக வெளியிட்டது. 2016 ஜனவரியில் கைது செய்தார்கள். அந்தக் காணொளியையே ஆதாரமாக வைத்து ஐந்தாண்டு சிறை. தனி நாடு கேட்டவரல்ல அவர். தன் மொழியில் எழுதப் படிக்கக் கற்கும் உரிமைக்காக நின்றவருக்கு இந்தத் தண்டனை என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அமல்படுத்தும் கை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் டிரம்ப் நிர்வாகம் வெளிநாட்டு உதவிகளை ஒட்டுமொத்தமாக நிறுத்தியபோது திபெத்தியருக்கான நிதியும் நின்றது. ஒரு பகுதி பின்னர் மீண்டும் கிடைத்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1991 முதலும், ரேடியோ ஃப்ரீ ஏசியா 1996 முதலும் திபெத்திய மொழியில் ஒலிபரப்பி வந்தன. வெளி உலகச் செய்தி திபெத்துக்குள் போகவும், உள்ளே நடப்பது வெளியே வரவும் இருந்த சில வழிகளில் இவை முக்கியமானவை. மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஊழியர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். மே மாதத்தில் ரேடியோ ஃப்ரீ ஏசியா தன் திபெத்தியப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. திபெத்துக்காகச் சட்டம் இயற்றிய அதே நாட்டில் இது நடந்தது.

அமெரிக்கா மட்டும் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐ.நா. பொதுச்சபை 1959, 1961, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளில் திபெத் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவை அயர்லாந்தும் மலாயாவும். தலாய் லாமா முழுச் சுதந்திரம் கேட்பதை விட்டு, சீனாவுக்குள் உண்மையான தன்னாட்சி போதும் என்ற யோசனையை 1988 ஜூனில் வெளியிட்டது ஸ்ட்ராஸ்பர்க்கில், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில். ஜெர்மன் நாடாளுமன்றம் 1996 ஜூனில் திபெத்தில் நடக்கும் அடக்குமுறையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டதும், ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் கிளாஸ் கின்கெலுக்கு விடுத்த அழைப்பைச் சீனா திரும்பப் பெற்றது. கனடா நாடாளுமன்றம் 2006இல் தலாய் லாமாவுக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. தீர்மானத்துக்குச் சட்டத்தின் பலம் இல்லை; மீறினால் தண்டனையும் இல்லை. வெறும் காகிதம் என்று பெய்ஜிங் உண்மையிலேயே நினைத்திருந்தால் ஓர் அமைச்சரின் பயணத்தை ரத்து செய்யும் அளவுக்குக் கோபப்பட்டிருக்காது.

இந்தியாவின் இடம் இதில் தனி. திபெத்தியருக்கு இந்த நாடு கொடுத்த அடைக்கலத்துக்கு ஈடாக வேறெந்த நாடும் எதையும் கொடுத்ததில்லை. தரம்சாலாவில் நாடுகடந்த நிர்வாகமும் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றமும் இயங்குகின்றன. லாசாவைச் சூழ்ந்திருந்த சேரா, டிரெபுங், காண்டன் மடாலயங்கள் கர்நாடகத்தில் பைலகுப்பேயிலும் முண்ட்கோடிலும் மறுபடி எழுந்தன. குளிர்காலத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் ஸ்வெட்டர் கடை போடும் திபெத்தியரை எல்லோருக்கும் தெரியும்.

அடைக்கலம் கொடுத்த நாட்டின் நாடாளுமன்றம் பேசியது மட்டும் குறைவு. 1954 ஒப்பந்தத்திலேயே ‘சீனாவின் திபெத் பிரதேசம்’ என்று இந்தியா எழுதிக் கொடுத்தது. 2003இல் பிரதமர் வாஜ்பாயின் சீனப் பயணத்தின்போது திபெத் தன்னாட்சிப் பகுதி சீனாவின் பகுதி என்று மறுபடி உறுதி சொன்னது. ஐ.நா.வில் 1959, 1961 வாக்கெடுப்புகளில் நடுநிலை வகித்தது. 1962 போருக்குப் பிறகு, 1965இல்தான் தீர்மானத்தை ஆதரித்தது. லாசாவில் இந்தியாவுக்கு இருந்த துணைத் தூதரகமும் 1962இல் மூடப்பட்டது, திரும்பத் திறக்கவே இல்லை. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியைச் சந்திக்க ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது, எதிர்ப்புத் தெரிவிக்க முயன்ற திபெத்திய மாணவர்களையும் ஆர்வலர்களையும் தமிழ்நாடு போலீஸ் கைது செய்தது. எல்லையில் படை நிற்கும்போது வெளியுறவில் நிதானம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நிதானத்தால் இந்தியா என்ன பெற்றது என்று 2020 கல்வான் மோதலுக்குப் பிறகாவது கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

எம்.பி.க்கள் சிலர் கட்சி வேறுபாடு பார்க்காமல் திபெத்துக்கான நாடாளுமன்ற மன்றம் ஒன்றை நடத்துகிறார்கள். 2021 டிசம்பரில் நாடுகடந்த திபெத்திய நாடாளுமன்றம் டெல்லியில் அளித்த விருந்தில் பா.ஜ.க., காங்கிரஸ், பிஜு ஜனதா தள எம்.பி.க்கள் கலந்துகொண்டார்கள். சில நாளில் சீனத் தூதரகத்திலிருந்து அவர்களுக்குக் கடிதம் வந்தது. இந்திய மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வேறொரு நாட்டின் தூதரகம் சொன்னது.

2025 ஜூலை 2 அன்று, தன் 90ஆம் பிறந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு, தலாய் லாமா தெளிவாக அறிவித்தார்: தலாய் லாமா பீடம் தனக்குப் பிறகும் தொடரும், அடுத்தவரை அங்கீகரிக்கும் அதிகாரம் தன் அலுவலகத்தைச் சேர்ந்த காதென் போட்ராங் அறக்கட்டளைக்கு மட்டுமே உண்டு. தங்கக் குடுவையும் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும் என்று பெய்ஜிங் அன்றே பதில் சொன்னது. நம்பிக்கை, மதம் சார்ந்த விஷயங்களில் இந்திய அரசு நிலைப்பாடு எடுப்பதில்லை என்றது டெல்லி.

ஒருநாள் இரண்டு தலாய் லாமாக்கள் இருப்பார்கள் என்பதை இனி ஒதுக்கிவிட முடியாது: மடாலயங்கள் கண்டுபிடிக்கும் ஒரு குழந்தை, லாசாவில் குடுவையிலிருந்து எடுக்கப்படும் வேறொரு குழந்தை. முதல் குழந்தை இந்தியாவில் வளர வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தையின் பாதுகாப்பு, கல்வி, பயண ஆவணம் எல்லாம் அன்றைக்கு இந்திய அரசின் மேசைக்கு வரும். அமெரிக்கா இந்த நாளை மனதில் வைத்து 2020லேயே சட்டம் எழுதிவிட்டது. இந்தியாவில் அதற்கென்று ஒரு சட்டப் பிரிவோ நாடாளுமன்றத் தீர்மானமோ கிடையாது. தலாய் லாமாவுக்குப் பாரத ரத்னா வழங்க வேண்டும், இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் அவரைப் பேச அழைக்க வேண்டும் என்று கட்சி கடந்து எம்.பி.க்கள் 2025இல் கோரிக்கை எழுப்பினார்கள். அந்த இரண்டோடு மூன்றாவதாக, மறுபிறவியைத் தீர்மானிப்பது திபெத்திய பௌத்தரின் உரிமை என்ற ஒற்றை வரித் தீர்மானத்தையும் அவர்கள் அவையில் கொண்டுவர வேண்டும், அவர் இருக்கும்போதே.